கழற்றுவதற்கென்றே பிறந்த நட்டு

பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது எங்கள் புனே தமிழ்க் குடும்பங்களில் இப்போது சகஜமாகிவிட்டது. சதாரா, கோலாப்பூர், பெல்காவி, ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை என்று திருநெல்வேலி வரை போனால் ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கிளம்புவதற்கு முன்னால் டயரில் காற்று, இன்ஜின் ஆயில், ஏ.சி., பிள்ளைகளுக்குப் புளியோதரை, மாமியாருக்கு மூட்டுவலித் தைலம் என்று எல்லாவற்றையும் சரிபார்ப்போம். நான்கு சக்கரத்தையும் வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் பதினாறு அல்லது இருபது நட்டுகளை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய நேரம் வரும்போது (அலாய் வீல் மாற்றும்போதோ, ஒரு நட்டு தொலைந்துபோகும்போதோ) கடைக்காரர் டப்பாவில் கையை விட்டு நான்கை எடுத்துக் கொடுப்பார். மரையில் ஏறுகிறதா? ஏறுகிறது. சரி, கிளம்பலாம். நம்மில் பெரும்பாலோர் வீல் நட்டு 'தேர்ந்தெடுக்கும்' லட்சணம் இவ்வளவுதான்.

"ஏறுகிறது" என்பதும் "பொருந்துகிறது" என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஏறக்குறைய 180 வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு வந்து உட்காருங்கள் :-)

கடையாணிக் காலம்

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அச்சின் முனையில் ஒரு துளை, அதில் செருகிய ஓர் ஆணி. கடையாணி என்போம், அச்சாணி என்றும் சொல்வோம். வள்ளுவர் பெரிய தேருக்கே அதை உவமையாக்கிப் பெருமைப்படுத்தியிருக்கிறார். ஆனால் அந்த ஆணி செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: சக்கரம் வெளியே நழுவாமல் தடுப்பது. சக்கரம் அச்சின் மேல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அதை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை, பிடிக்கவும் கூடாது.

காரில் கதை வேறு. இன்ஜின் ஹப்பைச் சுற்றுகிறது, பிரேக் ஹப்பை நிறுத்துகிறது. ஹப்போடு சக்கரமும் அப்படியே சுற்ற வேண்டும், அப்படியே நிற்க வேண்டும். அதனால் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கார் பிறந்த புதிதில் இதற்கு எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள்: சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்!

ஆமாம், ஆரம்பகாலக் கார்களில் மரச்சக்கரங்கள் ஹப்போடு நிரந்தரமாகச் சேர்ந்திருந்தன. பஞ்சர் ஆனால் சக்கரம் வண்டியிலேயே இருக்க, ரோட்டோரத்தில் உட்கார்ந்து டயரை நெம்பி எடுத்து, ட்யூபை ஒட்டி, திரும்ப மாட்டி, கைப்பம்பில் காற்றடிக்க வேண்டும். குதிரை லாட ஆணிகள் சிதறிக் கிடந்த சாலைகளில் இது எத்தனை முறை நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்டெப்னி வந்த கதை

இந்த அவஸ்தைக்கு வழி கண்டவர்கள் வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்ற ஊரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர்கள். ஆண்டு 1904. ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதன்மேல் காற்றடித்துத் தயாராக ஒரு டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதைக் கவ்விகளால் இறுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தப் பெயரையே சரக்குக்கும் வைத்தார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் அந்தச் சொல்லை எப்போதோ மறந்துவிட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் ஸ்பேர் வீல். ஆனால் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் மால்டாவிலும் அது இன்னும் ஸ்டெப்னிதான். நாங்குநேரி பஞ்சர் கடையில் கேட்டாலும் நாசிக்கில் கேட்டாலும் அதே சொல். மொழி தெரியாத ஊரில் குடியேறிய நமக்கு முதல் நாளிலிருந்தே புரிந்த சில சொற்களில் ஒன்று!

ஸ்டெப்னி ஒரு தற்காலிக ஏற்பாடு. அடுத்த படி, சக்கரத்தையே முழுசாகக் கழற்றி மாட்டுவது. 1907, 1908 வாக்கில் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தின் ஜான் பியூ ஒரு கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். பின்னாளில் அந்த நட்டுக்கு இரண்டு மூன்று காதுகள் முளைத்தன. சுத்தியலால் காதில் தட்டினால் இறுகும், எதிர்ப்பக்கம் தட்டினால் கழலும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் படங்களில் சக்கரத்தின் நடுவே மின்விசிறி மாதிரி பளபளப்பாகத் தெரியுமே, அதேதான். பாதசாரிகளைக் கிழித்துவிடும் என்று அமெரிக்காவில் 1968இல் இந்தக் காதுகளுக்குத் தடை போட்டார்கள்.

பந்தயக் கார்களில் ஒற்றை நட்டு இன்றும் உண்டு. அது படுத்தும் பாடும் உண்டு. 1991இல் போர்ச்சுகல் பந்தயத்தில் முன்னணியில் இருந்த நைஜல் மான்செல் டயர் மாற்றிக்கொண்டு கிளம்பினார். பின்சக்கரம் சரியாகப் பூட்டப்படாததால் பிட் பாதையிலேயே கழன்று ஓடியது. 2021 மொனாக்கோவில் நேர்மாறு. இரண்டாம் இடத்தில் இருந்த வால்ட்டெரி போட்டாஸின் முன்சக்கர நட்டு, துப்பாக்கி சரியாகப் பிடிக்காததால் விளிம்பெல்லாம் மழுங்கி, கழலவே மாட்டேன் என்றது. பந்தயமே போயிற்று. காரை இங்கிலாந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் அந்தச் சக்கரத்தைக் கழற்றினார்கள், 43 மணி நேரம் கழித்து!

ஒன்று நிற்கவில்லை, ஒன்று வரவில்லை. வீல் நட்டின் மொத்தப் பிரச்சினையும் இந்த இரண்டு சம்பவத்தில் அடங்கிவிடுகிறது. கழற்றுவதற்கென்றே பிறந்த பொருள், தானாகக் கழலக் கூடாது.

சாதாரணக் குடும்பக் கார்களுக்கு ஒற்றை நட்டு சரிப்படவில்லை. விலை அதிகம், பராமரிப்பு அதிகம். அழுத்தி வார்த்த எஃகுத் தகட்டுச் சக்கரம் வந்து பரவியபோது, நடுவில் ஒன்றுக்குப் பதிலாக வட்டமாக நான்கு, ஐந்து, ஆறு சின்ன நட்டுகள் போதும் என்று ஆயிற்று. இன்று நம் காரில் இருப்பது அந்த ஏற்பாடுதான். சின்ன நட்டு என்றதும் அடுத்த கேள்வி வருகிறது: எந்த மரை?

மரைச் சண்டை

1841க்கு முன்னால் போல்ட்டும் நட்டும் கணவன் மனைவி மாதிரி. இந்தப் போல்ட்டுக்கு இந்த நட்டு மட்டும்தான். ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர், பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, நாடு முழுவதற்கும் ஒரே மரை வைத்துக்கொள்வோம் என்று கட்டுரை வாசித்தார். மரையின் கோணம் 55 பாகை. முகடும் பள்ளமும் வளைந்திருக்கும். (இந்த 55 பாகை இன்னும் சாகவில்லை. உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயின் மரை அவர் வாரிசுதான்!)

அமெரிக்கர்கள் அதை ஏற்கவில்லை. 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் வேறொரு மரையை முன்வைத்தார். கோணம் 60 பாகை, முகடு தட்டை. காரணம் தேசப்பற்று மட்டுமல்ல. 60 பாகை என்பது சமபக்க முக்கோணம். வெட்டுவதும் சுலபம், சரிபார்ப்பதும் சுலபம். கைதேர்ந்த தொழிலாளி இல்லாமலேயே செய்துவிடலாம். பிறகு ஐரோப்பிய நாடுகள் 1898இல் ஜூரிச்சில் கூடி மெட்ரிக் மரையை வகுத்தபோது, அளவை மில்லிமீட்டருக்கு மாற்றினார்கள், ஆனால் கோணத்தை 60 பாகையாகவே வைத்துக்கொண்டார்கள்.

ஆக மூன்று கட்சி. இந்த வேடிக்கைக்கு உலகம் கொடுத்த விலை சாதாரணமல்ல. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது, வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க்கிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. வந்து என்ன பயன்? பல வண்டிகளின் குழாய் மரை பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் ஏறவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி செய்யத் தொடங்கியபோது, பிரிட்டிஷ் மரை வெட்டும் கருவிகளைத் தாங்களே புதிதாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. நேச நாடுகளாம், ஆனால் நட்டும் போல்ட்டும் நேசமில்லை!

பட்டபின் புத்தி வந்தது. 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து ஒரே அங்குல மரைக்கு ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பில், ஒன்றாம் நம்பர் தொழில்நுட்பக் குழு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? திருகு மரைக்கு! அந்த ஒன்றாம் நம்பர் இன்றும் மரைக்குத்தான்.

நம் தெருவில் மூன்று நாட்டு மரை

இந்தியா 1956இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்கியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ஆனால் சாலையில் ஓடும் வண்டி சட்டம் போட்டால் மாறிவிடுமா?

அறுபதுகளில் ஒரு நகரத் தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓர் அம்பாசடர் நிற்கிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு, அங்குலக் கணக்கு. பக்கத்தில் ஒரு ஃபியட், பின்னாளில் பத்மினி என்று பெயர் மாறியது. இத்தாலிய வம்சம், மெட்ரிக். எதிரே ஒரு ஜீப். 1947 முதல் மஹிந்திரா மும்பையில் பூட்டிய வில்லிஸ் வம்சம், அமெரிக்க அங்குல மரை. ஒரே பஞ்சர் கடைக்கு மூன்றும் வரும்.

ஜீப்பில் இன்னொரு கூத்து. வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடதுமரை. நாம் வழக்கமாகக் கழற்றும் திசையில் திருப்பினால் இன்னும் இறுகும்! வண்டி முன்னால் போகும்போது இடப்பக்கச் சக்கரம், வெளியிலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். சாதாரண நட்டு கழலும் திசையும் அதுதான். ஓட ஓட நட்டு தானாகக் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் செய்த ஏற்பாடு. சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் இடதுமரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், இது அதற்குத் தம்பி. ஸ்டட் முனையில் 'எல்' என்ற எழுத்தைப் பொறித்திருப்பார்கள். அதைக் கவனிக்காத புதுப் பையன் ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதிப்பான். ஸ்டட் 'டக்'கென்று முறியும். அப்புறம் முதலாளியிடம் அவனுக்கு மரை கழன்றவன் என்று பட்டம் :-)

அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பெனி 1970 வாக்கு வரை கார்களில் இந்த இடதுமரையை வைத்திருந்தது. பிறகு அவர்களும் விட்டார்கள். கூம்பு முகமுள்ள நட்டு, சரியான இறுக்கம், இவை இரண்டும் இருந்தால் காருக்கு எந்தப் பக்கமானாலும் வலதுமரையே போதும் என்பது அனுபவத்தில் தெரிந்துவிட்டது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடு வந்தது ஜப்பானிய மெட்ரிக். சுஸுகி வழக்கத்தில் ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். 1998இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதே 12 மில்லிமீட்டர், ஆனால் இடைவெளி 1.5. ஹோண்டா, டொயோட்டா கார்களும் பெரும்பாலும் 12க்கு 1.5. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வந்தபோது 14க்கு 1.5, அதுவும் நட்டு அல்ல, ஹப்புக்குள் திருகும் போல்ட்.

பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. வண்டி போனாலும் நட்டு போகவில்லை. இரும்புக் கடை டப்பாக்களில் அரை அங்குல நட்டுகள் இன்னும் கிடக்கின்றன. அங்கேதான் வினை.

ஏறும், ஆனால் பொருந்தாது

எங்கள் குடியிருப்பில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம். ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் வெளியே ஒரு கடையில் அலாய் வீல் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, காற்றடிக்கப் போன இடத்தில் ஒரு வயதான மெக்கானிக் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நட்டைக் கழற்றி, அதை ஸ்டட்டில் பாதி ஏற்றிவிட்டு விரலால் ஆட்டிக் காட்டினார். லொடலொடவென்று ஆடியது. "யே இஸ் காடி கா நஹீ ஹை, சாப்" என்றார். இந்த வண்டியோடது இல்லையாம். நண்பர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "என்ன சார், இறுக்கமாத்தானே இருந்துச்சு?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த நட்டில் அங்குலத்துக்கு 20 மரை, அதாவது இடைவெளி 1.27 மில்லிமீட்டர். மாருதி ஸ்டட் 12 மில்லிமீட்டர், இடைவெளி 1.25. இடைவெளி வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர்தான். பத்துச் சுற்றுப் போனாலும் மொத்தமே 0.2. எனவே நட்டு தடையே இல்லாமல் ஓடி ஏறும். ஆனால் விட்டம் 0.7 மில்லிமீட்டர் பெரிசு. மரையின் நுனி நுனியைத்தான் தொடுகிறது, முழுசாகக் கவ்வவில்லை. ஸ்பானர் வைத்து இறுக்கினால் இறுகிய மாதிரியே இருக்கும். நெடுஞ்சாலையில் பிரேக், குழி, வளைவு என்று அடி விழும்போது அந்த நுனிகள் வழித்துக்கொண்டு போய்விடும்.

விட்வொர்த்தும் செல்லர்ஸும் போட்ட சண்டையின் மிச்சம் ஒரு ஸ்விஃப்ட் சக்கரத்தில் வந்து நிற்கிறது, பின்சீட்டில் இரண்டு குழந்தைகளோடு. அந்தக் குடும்பம் மாருதி நட்டுகளையே வாங்கிப் போட்டுக்கொண்டுதான் கிளம்பியது.

12க்கு 1.5 நட்டை 12க்கு 1.25 ஸ்டட்டில் போட்டால் வேறு மாதிரி தப்பு. இரண்டு மூன்று சுற்றிலேயே முரண்டு பிடிக்கும். கையால் செய்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் காற்றுத் துப்பாக்கிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. 'டர்ர்ர்' என்று ஒரே அடியில் ஏற்றிவிடும், மரையை அரைத்துக்கொண்டே. அதனால் ஒரு விதி: வீல் நட்டு முதலில் விரலால் ஏற வேண்டும், கடைசி வரை விரலால் ஓட வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. அதற்குப் பிறகுதான் ஸ்பானர்.

இன்னொன்று. இரும்புக் கடையில் 12 மில்லிமீட்டர் நட்டு என்று கேட்டால் வருவது சாதாரண முரட்டு மரை, இடைவெளி 1.75. வீல் நட்டில் இருப்பது நுண்மரை. ஆக "12 நம்பர் நட்டு" என்று மட்டும் சொன்னால் மூன்று விதத்தில் எது வேண்டுமானாலும் வரலாம்.

உட்காரும் முகம்

மரை சரி. அதோடு முடிந்ததா? இல்லை. நட்டு சக்கரத்தைத் தொடும் முகம் இருக்கிறதே, விஷயம் அதில்தான் பாதி.

மிகப் பரவலானது கூம்பு முகம், 60 பாகை. சக்கரத் துளையும் அதே கூம்பாக இருக்கும். இறுக்க இறுக்கச் சக்கரம் தானாக நடுவுக்கு வந்து உட்காரும். ஹோண்டா தன் சொந்தச் சக்கரங்களுக்கு உருண்டை முகம் வைக்கிறது. ஃபோக்ஸ்வாகன் போல்ட்டும் உருண்டை முகம்தான். டொயோட்டாவின் பல அலாய் வீல்களில் தட்டை முகமும் வாஷரும், துளைக்குள் இறங்கும் ஒரு கழுத்தும் இருக்கும்.

ஹோண்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் மரை ஒன்றே. 12க்கு 1.5. ஒன்றை எடுத்து மற்றதில் போட்டால் அழகாக ஏறும். ஆனால் உருண்டைக் குழியில் கூம்பை வைத்தால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். அந்த வளையம் நாளாக ஆக அமுங்கும். அமுங்கினால் இறுக்கம் போகும். ஹோண்டா காரில் வெளியே வாங்கிய அலாய் வீல் போட்டாலும் இதே சிக்கல் தலைகீழாக வரும். வெளிச் சந்தை அலாய்களில் பெரும்பாலும் கூம்புத் துளை, கையிலிருப்பதோ உருண்டை நட்டு.

முகத்தைச் சரிபார்க்க ஒரு சுலப வழி. நட்டின் முகத்தில் ஸ்கெட்ச் பேனா மையைத் தடவுங்கள். சக்கரத் துளையில் வைத்து லேசாக இறுக்கிக் கழற்றுங்கள். முகம் முழுக்க மை தேய்ந்திருந்தால் பொருத்தம். ஒரு கோடு மட்டும் தேய்ந்திருந்தால் வேண்டாம்.

இறுக்கம் என்பது என்ன

சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட் என்று பலர் நினைக்கிறார்கள், ஏதோ சுவரில் அடித்த ஆணியில் சட்டையை மாட்டியது போல. அப்படியல்ல. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. ரப்பர் பேண்ட் மாதிரி திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசை சக்கரத்தை ஹப்போடு அமுக்குகிறது. அமுக்கத்தால் வரும் உராய்வுதான் சக்கரத்தைப் பிடிக்கிறது. 12 மில்லிமீட்டர் நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் ஒரு நட்டின் அமுக்கம் ஏறத்தாழ 4 டன். நான்கு நட்டுக்குப் பதினாறு டன்! இந்த அமுக்கம் இருக்கும்வரை நட்டு கழலாது. அமுக்கம் போனால் சக்கரம் நூலிழை நகரும், நகர்ந்தால் நட்டு திரும்பும். மற்றதெல்லாம் நேரத்தின் கணக்கு.

நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. மிச்சமெல்லாம் மரையிலும் முகத்திலும் உராய்ந்தே போய்விடுகிறது. அதனால்தான் மரையில் எண்ணெய் போடாதே என்கிறார்கள். எண்ணெய் போட்டால் உராய்வு குறையும், அதே முறுக்கில் ஸ்டட் மிக அதிகமாக நீண்டு களைத்துப்போகும். கையேட்டில் உலர்ந்த மரைக்கென்று போட்டிருக்கும் எண் எண்ணெய்க்கு ஒத்துவராது. டொயோட்டா வழக்கமாகச் சொல்வது 103, ஹோண்டா 108, ஃபோக்ஸ்வாகன் 120 நியூட்டன் மீட்டர். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை வாங்குவது?

இவ்வளவு சரித்திரத்துக்கும் பிறகு வாங்கும் பட்டியல் சின்னதுதான்.

முதலில் மரை: விட்டம், இடைவெளி இரண்டும். 12க்கு 1.25, 12க்கு 1.5, 14க்கு 1.5 என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். காரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

இரண்டாவது முகம்: காருக்கு ஏற்றது அல்ல, சக்கரத்துக்கு ஏற்றது. சக்கரம் மாறினால் நட்டின் முகமும் மாறலாம்.

மூன்றாவது ஆழம்: ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே கவ்வ வேண்டும். 12 மில்லிமீட்டரில் 1.5 இடைவெளிக்கு எட்டு முழுச் சுற்று, 1.25க்குப் பத்துச் சுற்று. அலாய் வீல் தடிமனாக இருந்தால் ஸ்டட் எட்டாமல் போகலாம், எண்ணிப் பாருங்கள். தலை மூடிய நட்டில் நேர்மாறான ஆபத்து. ஸ்டட் முனை மூடியில் முட்டி, சக்கரம் அமுங்காமலே "இறுகிவிட்டது" என்று காட்டும்.

நான்காவது தலை: மாருதி, ஹோண்டாவில் பொதுவாக 19 மில்லிமீட்டர் ஸ்பானர், ஹூண்டாயில் 21, ஃபோக்ஸ்வாகனில் 17. புது நட்டின் தலை டிக்கியில் இருக்கும் ஸ்பானருக்குப் பொருந்த வேண்டும். பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி வண்டியிலேயே இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல. கலர் கலரான அலுமினிய நட்டு பார்க்க அழகு. குடும்ப வண்டிக்கு எஃகே உத்தமம். மேலே மெல்லிய பளபளப்புத் தொப்பி போர்த்திய இரட்டைத் துண்டு நட்டுகளும் வேண்டாம். துரு ஏறித் தொப்பி உப்பினால் ஸ்பானர் ஏறாது.

இந்தப் பட்டியலில் பலரும் விட்டுவிடுவது ஸ்டெப்னியை. நான்கு சக்கரம் அலாய், ஸ்டெப்னி மட்டும் பழைய இரும்பு. அலாய்க்கென்று வாங்கிய நட்டு இரும்புச் சக்கரத்தில் உட்காருமா? இரவு பதினொரு மணிக்கு தாவண்கெரே தாண்டி ரோட்டோரத்தில் இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். பழைய நட்டுகளில் நான்கையோ ஐந்தையோ ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வைத்துவிடுங்கள். செலவே இல்லாத காப்பீடு.

மாட்டும்போது ஹப் முகத்தில் துருவும் மண்ணும் இருந்தால் துடைத்துவிட்டு, எதிர் எதிராக (நட்சத்திரம் வரைவது போல்) இறுக்குங்கள். சக்கரம் கழற்றி மாட்டியபின் ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புனேயிலிருந்து கிளம்பினால் சதாராவில் டீ குடிக்க நிற்பீர்களே, அங்கேயே செய்துவிடலாம்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு பெருமையோடு முடிக்கிறேன். பாடி பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். ஒன்று சக்கரம் செய்யும், மற்றது போல்ட் நட்டு வகையறா செய்யும். இரண்டும் அறுபதுகளில் அந்த வட்டாரத்தில் வேர்விட்ட தொழிற்சாலைகள். நாம் வேலைக்காக எந்த ஊருக்குப் போனாலும், நமக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்த பாடிச் சரக்கு ஏதாவது ஒரு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் ஊரில் வீல் ஸ்பானரை என்ன சொல்கிறார்கள்? இங்கே மராட்டிக்காரர்களுக்கு அது பானா. மறுமொழியில் எழுதுங்கள். அதற்கு முன்னால் ஒருதடவை கீழே போய், உங்கள் வண்டியில் எல்லா நட்டும் ஒரே ஜாதிதானா என்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.